நிற்கத் தெரிந்த கார்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"கார் வாங்கப் போகிறேன்" என்று ஒருவர் வாய் திறந்தால் போதும். நம் ஊர்களில் இரண்டு கேள்விகள் தயாராக நிற்கும். "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பது முதல் கேள்வி. "திரும்ப வித்தா என்ன விலைக்குப் போகும்?" என்பது இரண்டாவது. இன்னும் வாங்கவே இல்லை; அதற்குள் விற்பதைப் பற்றிய கவலை வந்துவிடும்! இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், பிறகு நிறம் என்ன, பாட்டுப்பெட்டி எப்படி என்று பேச்சு இறங்கிவிடும்.

கார் எப்படி ஓடும் என்பதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. அது எப்படி நிற்கும் என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஓடுவதற்காக வாங்குகிற பொருளை, அது நிற்பதைக் கொண்டு எடை போடுவதா என்று நண்பர்கள் நகைக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் வாங்க நேர்ந்தபோது, நான்கு மாதம் நாங்கள் வாதாடியது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். அந்த வாதத்தில் நான் கற்றவற்றைக் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் காரைத் தேர்ந்தெடுப்பது என்பதே புதிய கலை. எங்கள் தாத்தா காலத்தில் தேர்ந்தெடுப்பதற்கு என்ன இருந்தது? அம்பாசடர் ஒன்று, ஃபியட் ஒன்று, அதுவே பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்றது, நம் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காரை மனிதன் தேர்ந்தெடுக்கவில்லை. கார்தான் மனிதனைத் தேர்ந்தெடுத்தது எனலாம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கிய பிறகே, நடுத்தரக் குடும்பத்தார் காரைப் பற்றிக் கனவு காணத் துணிந்தனர். இன்றோ கடைக்குப் போனால் எதை விடுவது, எதை எடுப்பது என்ற திகைப்பு. ஆனால் நம்முடைய கேள்விகள் மட்டும் பெட்ரோல் கணக்கையும் மறுவிற்பனைக் கணக்கையும் தாண்டி வளரவில்லை.

எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு வந்ததற்குக் காரணம் என் தாய்மாமா. அவர் 2012ஆம் ஆண்டு சார்ஜாவுக்குச் சென்று, ஒரு வீட்டில் ஓட்டுநராக 11 ஆண்டுகள் வேலை பார்த்து, 2023இல் ஊர் திரும்பினார். சேர்த்த பணத்தில் ஒரு பழைய வாடகைக் கார் வாங்கி, புதுக்கோட்டையிலேயே சவாரி ஓட்டிப் பிழைக்கலாம் என்பது அவர் திட்டம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே காகிதம் படிப்பது, கணக்குப் போடுவது, இணையத்தில் விவரம் பார்ப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. "பாப்பா படிச்ச புள்ள, அது சொல்லட்டும்" என்பார் மாமா. படித்தது இயற்பியல், கேட்பதோ கார். இரண்டுக்கும் உள்ள உறவு எனக்கே பிறகுதான் விளங்கியது.

மாமாவின் அயல்நாட்டுக் கதைகளைக் கேட்பது எங்களுக்கெல்லாம் திருவிழா. இங்கே எட்டு ஆண்டுகள் வேன் ஓட்டியவர் அவர். ஆனாலும் அங்கே போனதும் புதிதாக ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். கியர் போட வலக்கையை நீட்ட வேண்டும். முதல் வாரம் முழுவதும் இடக்கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாராம். சாலைத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைதான் தேறினார்.

உரிமம் வாங்கிய பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கியது. பணமாகக் கட்டும் அபராதம் ஒருபுறம். உரிமத்தில் ஏறும் கறுப்புப் புள்ளிகள் மறுபுறம். 24 புள்ளிகள் சேர்ந்துவிட்டால் உரிமம் முடக்கப்படும். ஓட்டுநருக்கு உரிமம் போனால் வேலை போயிற்று. வேலை போனால் விசா போயிற்று. 2017ஆம் ஆண்டு முதல் பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்றாயிற்று. அணியாவிட்டால் 400 திர்ஹாம் அபராதமும் நான்கு புள்ளிகளும். நடந்து கடப்பவருக்கு வழிவிடாவிட்டால் 500 திர்ஹாமும் ஆறு புள்ளிகளும். பள்ளிப் பேருந்து நின்று, 'நில்' பலகையை நீட்டியிருக்கும்போது அதைக் கடந்து போனால் 1,000 திர்ஹாமும் பத்துப் புள்ளிகளும். இந்தக் கணக்கையெல்லாம் மாமா வாய்ப்பாடு போலச் சொல்வார். "அங்க ரோட்டுக்குக் கண்ணு இருக்கு பாப்பா. ராத்திரி ரெண்டு மணிக்கும் அது தூங்காது" என்பார். வேகம் பிடிக்கும் கேமராக்களைத்தான் அப்படிச் சொன்னார்.

அத்தகைய மனிதர் ஊர் திரும்பிய அன்று நான் கண்டது என்ன? திருச்சி விமான நிலையத்திலிருந்து வாடகை வண்டியில் வந்தோம். மாமா முன் இருக்கையில் அமர்ந்தார். பழக்க தோஷத்தில் அவர் கை பெல்ட்டைத் தேடியது. ஓட்டுநர், "வேணாம்ண்ணே, இந்த ரூட்ல போலீஸ் நிக்கமாட்டாங்க" என்றார். கை திரும்பி வந்து மடியில் அமர்ந்துகொண்டது. "ஏன் மாமா?" என்று கேட்டேன். "இது நம்ம ஊருதானே!" என்றார். பதினோரு ஆண்டுப் பழக்கம் ஒரு சொல்லில் உதிர்ந்துவிட்டது.

இது எனக்குப் பெரும் புதிராக இருந்தது. அயல்நாட்டார் ஒழுங்கானவர்கள், நம்மவர்கள் ஒழுங்கற்றவர்கள் என்று பலர் பேசக் கேட்டிருக்கிறோம். அது உண்மையானால் மாமா எந்த நாட்டார்? அதே கை, அதே கண், அதே மனிதர். சார்ஜாவில் மஞ்சள் விளக்கைக் கண்டதும் நிறுத்தியவர், புதுக்கோட்டையில் மஞ்சள் விளக்கைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். ஆகவே ஒழுங்கு என்பது இரத்தத்தில் இல்லை என்பது தெளிவாயிற்று. அப்படியானால் அது எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு பிற நாடுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளைப் பற்றிக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. அவற்றின் பல பகுதிகளில் வேக உச்சவரம்பே கிடையாது, 130 கி.மீ. என்பது அறிவுரை மட்டுமே. ஆனால் அங்கே வேறு கண்டிப்புகள் உண்டு. முந்தும்போது தவிர மற்ற நேரமெல்லாம் வலது ஓரத் தடத்திலேயே செல்ல வேண்டும்; முந்துவது இடப்புறமாக மட்டுமே. வழியில் எரிபொருள் தீர்ந்து வண்டி நின்றால், அதுவும் அபராதத்துக்குரியது. முன்கூட்டிப் பார்த்துக்கொள்வது ஓட்டுநரின் கடமை. போக்குவரத்து நெரிசலில் நிற்க நேர்ந்தால், இடது ஓரத் தடத்தார் இடப்புறமும் மற்றவர்கள் வலப்புறமும் ஒதுங்கி, ஆம்புலன்ஸ் செல்ல நடுவில் வழி விட வேண்டும். அங்கே கொடுக்கப்பட்ட வேகம் பெரியது. அதற்குக் கேட்கப்படும் கட்டுப்பாடும் பெரியது.

ஜப்பானில் ஒழுங்கு கார் வாங்கும் அன்றே தொடங்கிவிடுகிறது. காரை நிறுத்த இடம் இருக்கிறது என்பதற்குக் காவல்துறையின் சான்று இருந்தால்தான், அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் காரைப் பதிவு செய்ய முடியும். நம் தெருக்களில் வீட்டு வாசலைவிடப் பெரிய காரை வாங்கிவிட்டுப் பக்கத்து வீட்டாரோடு சண்டை போடுவதை நினைத்துப் பாருங்கள்! அங்கே புதிதாக உரிமம் பெற்றவர் ஓராண்டுக் காலம் பச்சையும் மஞ்சளும் கலந்த இலை போன்ற ஒரு சின்னத்தைக் காரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கடுமையான சோதனை உண்டு.

எல்லாவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது சுவீடன் நாட்டு நிகழ்ச்சி. அந்நாட்டில் முன்பு நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் சென்றார்கள். அண்டை நாடுகளான நார்வேயிலும் பின்லாந்திலும் வலப்புறம். போதாக்குறைக்குச் சுவீடனில் ஓடிய பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது. மாற்றலாமா என்று 1955இல் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 83 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். ஆயினும் அரசு பின்னர் மாற்றத் துணிந்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. 4 மணி 50 நிமிடத்துக்குச் சாலையிலிருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெல்ல வலப்புறம் மாறின. 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன. ஒரு நாடே பத்து நிமிடத்தில் பக்கம் மாறியது!

இடக்கையும் வலக்கையும் குழம்பி விபத்துகள் பெருகியிருக்கும் என்றுதானே எண்ணுவீர்கள்? நடந்தது நேர்மாறு. விபத்துகள் குறைந்தன. புதிய பக்கத்தில் ஓட்டும் அச்சத்தால் எல்லாரும் விழிப்போடு ஓட்டினார்கள். ஆனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் விபத்துகளின் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. புதுமை பழகிவிட்டது, அச்சம் தேய்ந்துவிட்டது, விழிப்பும் கூடவே போய்விட்டது. இதைப் படித்தபோது திருச்சி விமான நிலையத்து மாமாவின் கை என் நினைவுக்கு வந்தது. சுவீடன்காரர் இரண்டு ஆண்டில் மறந்ததை மாமா ஒரு பயணத்தில் மறந்தார். மறதியில் நாட்டு வேற்றுமை இல்லை!

அதே சுவீடன் நாடு 1997இல் வேறொரு முடிவுக்கு வந்தது. சாலையில் ஓர் உயிரும் போகக் கூடாது என்பதைக் குறிக்கோளாக வைத்து அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது. அதன் அடிப்படை எளியது: மனிதன் தவறுவான், அவன் தவறுவதை எவராலும் முற்றிலும் தடுக்க முடியாது, ஆகவே அவன் தவறினாலும் உயிர் போகாதபடி சாலையையும் வண்டியையும் அமைக்க வேண்டும். இன்று உலகமெல்லாம் அணியும் மும்முனை சீட் பெல்ட்டை 1959இல் உருவாக்கிய நில்ஸ் போலின் என்ற பொறியாளரும் சுவீடன் நாட்டவரே. அதற்கு முன் விமானங்களில் ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். அவர் பணியாற்றிய வால்வோ நிறுவனம், அந்தப் பெல்ட்டின் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள விட்டுக்கொடுத்தது.

அயல்நாட்டுப் பழக்கங்களைத் தேடிப் புறப்பட்ட நான், கடைசியில் கார் வாங்கும் கேள்விக்கே வந்து சேர்ந்தேன். மறக்கும் மனிதனுக்கு மறக்காத வண்டி வேண்டும். சார்ஜாவின் சாலைக் கண்ணை நம் ஊருக்குத் தூக்கி வர முடியாது. ஆனால் நினைவூட்டும் மணியையும், சறுக்காத பிரேக்கையும், வேகத்துக்குக் கடிவாளத்தையும் விலை கொடுத்து வாங்க முடியும் அல்லவா?

இனி எங்கள் கார் வேட்டைக்கு வருகிறேன். 2024 கோடையில் பல கார்களைப் பார்த்தோம். எங்களோடு வந்தவர் மாமாவின் பழைய நண்பரான ஒரு மெக்கானிக் அண்ணன். பளபளப்பான ஒரு காரைக் கண்டு நாங்கள் மயங்கி நின்றபோது, அவர் பேனட்டைக்கூடத் திறக்கவில்லை. முன் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, கடைசி வரை இழுத்தார். பாதிப் பெல்ட் புதிது போல இருந்தது. மீதிப் பாதியில் மங்கலான சேற்றுக் கோடு. "இது வெள்ளத்துல முங்குன வண்டி" என்றார் அமைதியாக. வெள்ளத்தில் மூழ்கிய கார்களைக் கழுவி, மெருகேற்றி, வெகு தொலைவிலுள்ள ஊர்களில் விற்பவர்கள் உண்டாம். மேலே எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள். பெல்ட்டை யாரும் கடைசி வரை இழுத்துப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துருவும், தரை விரிப்புக்குக் கீழே மண்ணும் இருந்தன. அந்தக் காரைக் கைகூப்பிவிட்டு வந்தோம்.

முடிவில் இரண்டு கார்கள் எஞ்சின. ஒன்று 2015ஆம் ஆண்டுக் கார். விலை 3,40,000 ரூபாய். மற்றொன்று 2019 இறுதியில் வந்தது. விலை 4,90,000 ரூபாய். முதலாவதை வாங்க மாமாவின் கையில் பணம் இருந்தது. இரண்டாவதற்கு ஒன்றரை லட்சம் போதவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடின. லிட்டருக்குக் கொடுப்பதிலும் பெரிய வேறுபாடு இல்லை. பிறகு எதற்கு ஒன்றரை லட்சம் கூடுதல்?

இங்கேதான் ஆண்டுகள் பேசுகின்றன. நம் நாட்டில் முன் இருக்கைகளுக்குப் பெல்ட் பொருத்துவது 1994 முதலே கட்டாயம். ஆனால் புதிதாக விற்கும் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில்தான் முழுமையாக வந்தது. ஓட்டுநருக்கான காற்றுப்பையும், பெல்ட் அணியாவிட்டால் ஒலிக்கும் மணியும் 2019 ஜூலையில் கட்டாயமாயின. எங்கள் 2015ஆம் ஆண்டுக் காரில் இவை எவையுமே இல்லை. இரண்டாவதில் எல்லாம் இருந்தன. முன் இருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை இருந்தது. வாடகைக் கார் ஆகையால், மணிக்கு 80 கி.மீ. மேல் போகவிடாத ஸ்பீடு கவர்னரும் இருந்தது. "அதப் பத்திக் கவலப்படாதீங்க. கழட்டி விட ஆள் இருக்கு, நூத்திருபது தட்டும்" என்றார் தரகர், ஏதோ சலுகை தருபவர் போல.

அன்றிரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் மாநாடு கூடியது. மாமா, அத்தை, கொத்தனார் வேலை முடித்து வந்திருந்த அப்பா, அம்மா எல்லாரும் இருந்தார்கள். சாக்பீஸ் எடுத்துத் தரையில் கணக்குப் போட்டேன். முதலாண்டில் எங்கள் பேராசிரியர் இயக்கவியல் நடத்தியபோது, வேகத்தின் இருமடியைப் பற்றிச் சொன்னதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த தார்ச்சாலை, நல்ல டயர். ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 7 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொள்வோம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மொத்தம் 20 மீட்டரில் வண்டி நிற்கும். 80 கி.மீ. வேகத்தில் 57 மீட்டர் வேண்டும். தரகர் சொன்ன 120 கி.மீ. வேகத்திலோ 113 மீட்டர். நம் விளையாட்டு விழாவின் நூறு மீட்டர் ஓட்டப் பாதையைவிட நீளம்!

அத்தைக்கு இந்தக் கணக்கு ஏறவில்லை. "மோதினா என்ன ஆகும்னு சொல்லு" என்றார். அதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மூன்று மாடி உயரம். 80 கி.மீ. என்றால் 25 மீட்டர். 120 கி.மீ. என்றால் 57 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியை நெருங்கிவிட்டோம்! "அங்கேயிருந்து குதிக்கிறதுக்கா கவர்னரக் கழட்டுறது?" என்று அத்தை மாமாவைப் பார்த்துக் கேட்டார். இயற்பியல் அத்தைக்குப் புரிந்துவிட்டது.

பிறகு ஏ.பி.எஸ். என்ன செய்கிறது என்று விளக்கினேன். பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, உருளாமல் சறுக்கும். சறுக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏ.பி.எஸ். என்பது சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து, பிரேக்கை ஒரு வினாடியில் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கும். மனிதக் காலால் அது முடியாது. காற்றுப்பையோ, மோதிய ஏறக்குறைய வினாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் விரிந்து, தலை நிற்கும் கால அளவை நீட்டுகிறது. நிற்கும் நேரம் நீண்டால் தாக்கும் விசை குறையும். பெல்ட் இல்லாமல் காற்றுப்பை மட்டும் இருந்தால் அதுவே முகத்தில் அறையும்.

"பதினொரு வருஷத்துல ஒரு கீறல் விழுந்ததில்ல பாப்பா. என் கைய நீ நம்பலியா?" என்று மாமா கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை, வருத்தம் இருந்தது. கைத்தொழிலை நம்பி வாழும் மனிதரிடம் கணக்கைக் காட்டுவது எளிதன்று. "உங்க கைய நம்புறேன் மாமா. எதிர்ல வர்றவன் கைய நம்பல" என்றேன். எங்கள் ஊர் விலக்கில் இருக்கும் மின்கம்பத்தை எல்லாரும் அறிவோம். கண்ணீர் அஞ்சலிப் பலகை ஒன்று கிழிவதற்குள் மற்றொன்று அதில் ஏறிவிடும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நம் தமிழ்நாட்டில் 17,884 பேர். மணிக்கு 19 பேர் என்ற கணக்கு. நாங்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த மூன்று மணி நேரத்தில் எத்தனை பேர் என்று யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

ஒன்றரை லட்சத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. அம்மாவின் பெட்டியில் மூன்று பவுன் சங்கிலி. என் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்துச் செய்தது. அதை வங்கியில் வைக்கலாம் என்று நானே சொன்னேன். மாமா மறுத்தார். "அக்கா புள்ளைக்குச் சேத்தத வாங்கி நான் வண்டி ஓட்டுறதா?" என்று எழுந்து போய்விட்டார். அம்மா இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் சங்கிலியை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்து, "தம்பி, பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு வண்டிக்குள்ள இருக்கட்டும். நீ ராத்திரி வீடு வந்து சேந்தா சரி" என்று அவர் கையில் வைத்தார். நகைக் கடன் போக மீதிக்கு அப்பா தம் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினார்.

2019ஆம் ஆண்டுக் கார் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஆர்.சி., தகுதிச் சான்று, பர்மிட், காப்பீடு எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தேன். வண்டி மீதிருந்த கடன் தீர்ந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கினோம். வண்டியின் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு, அபராதம் நிலுவை இல்லை என்று உறுதி செய்தேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களை நானே நிரப்பினேன். பழைய கார் வாங்கும் எவரும் தரகர் சொல்லை நம்பி இவற்றை விட்டுவிடக் கூடாது. கவர்னரை மாமா கழற்றவில்லை.

இதனால் எல்லாம் நன்மையாக முடிந்தது என்று சொன்னால் அது கதையாகிவிடும். கடைவீதியில் வழக்கமாகச் சவாரி தந்துவந்த ஒருவர், "எண்பதுக்கு மேல போகாத வண்டியில யார் போறது?" என்று வேறு ஆளைத் தேடிக்கொண்டார். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 55 கி.மீ. முழு வழியும் 100 கி.மீ. வேகத்தில் பறந்தாலும், 80இல் செல்பவரைவிட 8 நிமிடந்தான் முன்னால் சேரலாம். அந்த எட்டு நிமிடத்துக்காக ஒரு வாடிக்கையாளர் போனார். சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. வட்டி கட்டும் நாள் வந்தால் வீட்டில் பேச்சுக் குறையும்.

வண்டி மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதையும் மறைக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் கார் விபத்தில் இறந்தார். மிக விலை உயர்ந்த கார் அது. பின் இருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் அணியவில்லை என்று காவல்துறை தெரிவித்தது, அவ்விருவரே இறந்தனர். முன் இருக்கையில் இருந்த இருவர் படுகாயத்தோடு பிழைத்தனர். எங்கள் காரில் முன் பெல்ட்டுக்குத்தான் மணி ஒலிக்கும். பின்னால் அமர்வோருக்கு மாமாதான் மணி. "அம்மா, பெல்ட்டப் போட்டுக்குங்க" என்றால், "என்னையும் கட்டிப் போடுறியாப்பா?" என்று கேட்ட பாட்டியும் உண்டு. "அங்க நானூறு திர்ஹாம் பாட்டி, இங்க இலவசம்" என்பார் மாமா. பாட்டி சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாராம்.

மாமாவிடம் நான் காணும் மாற்றம் சிறியது, ஆனால் உண்மையானது. முதல் மாதம் மணி ஒலிக்கிறதே என்று பெல்ட் போட்டார். இப்போதெல்லாம் மணி ஒலிக்க இடமே கொடுப்பதில்லை. சாவி போடுமுன் கை பெல்ட்டுக்குப் போகிறது. இந்த ஊரில் அவரை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. மூன்று பவுன் பார்க்கிறதோ, அக்கா பார்க்கிறாரோ, அறியேன்.

நண்பர்களே, நம்மில் பலர் படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் முதலில் வாங்க நினைப்பது வண்டியாகத்தான் இருக்கும். வாங்குங்கள்; லிட்டருக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். அதனோடு, இது எத்தனை மீட்டரில் நிற்கும், நான் மறந்தால் எனக்கு நினைவூட்டுமா, நான் தவறினால் என்னையும் எதிரில் வருபவரையும் காப்பாற்றுமா என்றும் கேளுங்கள். அயல்நாட்டுக்குப் போகிறவர்கள் அங்கே கற்றதை விமான நிலையத்திலேயே விட்டுவிடாமல் கொண்டு வாருங்கள்.

ஒரு சிறு வேண்டுகோளும் உண்டு. திருச்சி சாலையில் மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று, சரியாக 80இல், இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தால், பின்னாலிருந்து ஆரன் அடித்து விரட்ட வேண்டாம். முந்திச் செல்லுங்கள், மாமா வழி விடுவார்.